தந்தை: இரண்டாம் பதிப்பு

இராமகிருஷ்ணன் ஒரு கலைஞர். கண்டியில் இதை நம்பியவர்கள் சொற்பம். அந்தச் சொற்பப் பேரில் மிகத் தீவிரமாக நம்பியவர் இராமகிருஷ்ணன்தான்.

பகலில் அவர் சித்திர ஆசிரியர். பெரஹரா ஊர்வல யானையையும் பூச்சாடியையும் பிள்ளைகளுக்கு வரையக் கற்றுக்கொடுப்பார். பள்ளிக்கூடம் விட்டதும் கறுப்புச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு 'ராம்கி' ஆகிவிடுவார். பிரேமுக்குள் அடங்குகிற எதுவும் கலை இல்லை என்பது ராம்கியின் கொள்கை. பிரேமுக்குள் அடங்குகிற மாதிரி இருபது வருஷம் வரைந்து ஒன்றுகூட விலைபோகவில்லை என்பது அந்தக் கொள்கை பிறந்த கதை.

அதன்பிறகு அவர் செய்ததெல்லாம் 'நிறுவல்கள்'. ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றுகிற கம்பியில் பால் கலக்காத பிளேன்டீ நிரப்பிய போத்தலைத் தொங்கவிட்டு, குழாயின் மறுமுனையை இலங்கை வரைபடத்தில் குத்தி, 'இரத்ததானம்' என்று பெயர் வைத்தார். பார்க்க வந்தவர்களில் ஒருவர் சீனி போட்டதா என்று விசாரித்தார். கொழும்புப் பத்திரிகை ஒன்று நாலு வரி எழுதியது. அந்த நாலு வரியும் இராமகிருஷ்ணனுக்கு மனப்பாடம்.

அவருடைய அப்பா சின்னமுத்து எந்தக் கண்காட்சிக்கும் வந்ததில்லை. வெறுப்பு ஒன்றும் இல்லை, நேரம்தான் இல்லை. நாவலப்பிட்டியைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களுக்கெல்லாம் அவர்தான் தொழிற்சங்கத் தலைவர். ஊரில் யார் வீட்டுக் கூரை ஒழுகினாலும் அவருக்கு நேரமிருந்தது. அல்லது நேரமிருப்பதாகச் சொல்ல நேரமிருந்தது. ஒருமுறை வழக்கு ஒன்றுக்காகக் கண்டிக்கு வந்தவர், மகனின் கண்காட்சி நடந்த மண்டபத்தின் வாசல்வரை வந்தார். அங்கேயே நின்று போனில் யாரிடமோ, "பேசிட்டேன்ப்பா, மேலிடத்துல பேசிட்டேன்" என்றார். ஜீப் வந்தது. ஏறிப் போய்விட்டார். இராமகிருஷ்ணன் உள்ளேயிருந்து கண்ணாடி வழியாக அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா மாரடைப்பில் செத்து நாலு வருஷமான பிறகும் அந்த ஜீப் அவர் மனதுக்குள் புறப்பட்டுக்கொண்டே இருந்தது.

இப்படியிருக்கும்போதுதான் கௌரி செல்லப்பா கண்டிக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்து, டொரன்டோவில் படித்து, உலகத்தின் பெரிய நகரங்களில் கண்காட்சிகளை வடிவமைக்கிறவர். வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று அவரை அனுப்பியிருந்தது. கண்டி வாவிக்கு மேலே, ஒரு பழைய பங்களாவில் 'மரணத்தின் எதிர்காலம்' என்ற கண்காட்சி. அறிவியல் மரணத்தை வென்றபின் மனிதன் என்ன ஆவான் என்பது பொருள். சுற்றுவட்டாரக் கலைஞர்களை அழைத்து, வட்டமாகக் கதிரை போட்டு உட்காரவைத்தார் கௌரி.

"மரணம் எண்டுறது ஒரு பழைய தொழில்நுட்பம்" என்று அவர் ஆரம்பித்தார். "நாங்கள் அதை இன்னும் பாவிச்சுக்கொண்டிருக்கிறம். அவ்வளவுதான்."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு பெண் தன் தலைமுடியிலும் வெட்டிய நகத்திலும் காளான் வளர்க்கப்போவதாகச் சொன்னார். இன்னொருவர் ஆயிரம் வருஷம் துடிக்கக்கூடிய றப்பர் இதயம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். அது இப்போதைக்கு பற்றரியில் மூன்று மணித்தியாலம் துடித்தது. மூன்றாமவர் வெறுமனே ஒரு குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து வைப்பேன் என்றார். அதற்குத்தான் பெரிய பாராட்டு.

"நீங்கள், ராம்கி?"

இராமகிருஷ்ணனிடம் ஒரு யோசனையும் இல்லை. வாயைத் திறந்தார். "நான் எங்க அப்பாவ திரும்பக் கொண்டுவரப் போறேன்" என்று வந்தது. சொல்லி முடிக்கும்வரை அது அவருக்கே தெரியாது.

கௌரி எழுந்து வந்து அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "இதுக்காகத்தான் நான் வந்தனான்" என்றார்.

அடுத்த சனிக்கிழமை இராமகிருஷ்ணன் ரயிலேறி நாவலப்பிட்டிக்குப் போனார். அம்மா அங்கம்மா டவுனில் இராமகிருஷ்ணனின் தங்கச்சியோடு இருந்தார். அப்பாவின் பேச்சுகளெல்லாம் ஒலிநாடாக் கெசட்டில் இருந்தன. தன் பேச்சைப் பதிவு செய்யாமல் சின்னமுத்து எந்த மேடையிலும் ஏறியதில்லை. அதற்கென்றே ஒரு ஆள் கூடப் போவான். தகரப் பெட்டி நிறைய இருந்ததை அம்மா இழுத்துக்கொண்டு வந்து முன்னால் போட்டார்.

"எடுத்துட்டுப் போ. எலி வருது."

"வீட்டுல பேசுன மாதிரி ஏதாச்சும் இருக்காம்மா? சும்மா, சாதாரணமா பேசுனது?"

அங்கம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "வீட்டுல எங்கடா பேசுனாரு?"

கணினி வேலைக்கு ஹபீலா கிடைத்தாள். கண்டிக்குப் பக்கத்து மடவளைப் பெண். பேராதனையில் படித்துவிட்டு, வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்குக் குரல் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தாள். கெசட்டுகளையெல்லாம் கணினியில் ஏற்றி, குரலைப் பிரித்து, கேள்வி கேட்டால் அதே குரலிலும் அதே பாணியிலும் பதில் சொல்கிற பொறியைச் செய்ய அவளுக்கு ஒரு மாதம் பிடித்தது. முடிந்ததும் இராமகிருஷ்ணனைக் கூப்பிட்டு எச்சரித்தாள்.

"சேர், ஒங்கட வாப்பாட மேடப் பேச்சு மட்டுந்தான் இதுல ஈக்கி. வேற ஒன்னும் இதுக்குத் தெரியா. என்ன கேட்டாலும் மேடயில நிக்கிற மாதிரித்தான் பேசும்."

"அது போதும்" என்றார் இராமகிருஷ்ணன். "அவரே அப்படித்தான்."

கொழும்பில் சினிமாவுக்கு ஒப்பனை செய்கிற ஒருவர் சிலிக்கோனில் சின்னமுத்துவின் தலையையும் கைகளையும் வார்த்துக் கொடுத்தார். வாய் அசையும். வலது கையின் சுட்டுவிரல் தேவையான இடங்களில் உயரும். வெள்ளைச் சட்டை, தோளில் சிவப்புத் துண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் கதிரை போட்டு உட்காரவைத்து, காலடியில் குளிர்ப்புகை வரும்படி செய்தார்கள். பெட்டியின் கீழ் ஒரு பலகை: 'தந்தை: இரண்டாம் பதிப்பு'. கலைஞரின் பெயர் தந்தையின் பெயரைவிடக் கொஞ்சம் பெரிய எழுத்தில்.

திறப்பு விழாவுக்குக் கொழும்பிலிருந்து வான் வண்டிகளில் ஆட்கள் வந்தார்கள். தூதரகக்காரர்கள், பேராசிரியர்கள், லினன் அணிந்தவர்கள். காளானுக்கு முன்னால் மௌனமாக நின்றார்கள். றப்பர் இதயத்துக்கு முன்னால் பெருமூச்சு விட்டார்கள். திறந்து கிடந்த குளிர்சாதனப் பெட்டிக்குள் யாரோ தெரியாமல் ஒரு சோடாப் போத்தலை வைத்துவிட்டார்கள். அதையும் படம் பிடித்தார்கள். கடைசியாகச் சின்னமுத்துவிடம் வந்தார்கள்.

தூதரின் மனைவி ஒருவர், மொழிபெயர்ப்பாளரின் உதவியுடன், மரணம் என்றால் என்ன என்று கேட்டார்.

சின்னமுத்துவின் விரல் உயர்ந்தது. "இந்தக் கேள்வியை எழுப்பிய சகோதரிக்கு முதற்கண் நன்றி! மரணம் என்பது நிர்வாகத்தின் திட்டமிட்ட சதி! இதை நாம் ஒருபோதும் ஏற்கப்போவதில்லை! ஒருபோதும் ஏற்கப்போவதில்லை!"

மொழிபெயர்த்துச் சொன்னதும் கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. ஒரு பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதைவிட ஆழமாகச் சொல்ல முடியாது" என்றார் ஒருவர். விஞ்ஞானி ஒருவர் முன்னுக்கு வந்து, அறிவியல் மரணத்தை வெல்லுமா என்று கேட்டார்.

"நிச்சயமாக வெல்லும்! அடுத்த சம்பளக் கூட்டு ஒப்பந்தத்துக்குள் வென்று தருவோம்! அதற்குள் வெல்லாவிட்டால், தோழர்களே, நான் இந்த மேடையில் ஏறமாட்டேன்!"

கைதட்டல் வாவிவரை கேட்டிருக்கும். கௌரி ஒரு மூலையில் நின்று போனில் வேகமாக எழுதிக்கொண்டிருந்தார். இராமகிருஷ்ணனின் தோளில் பலர் தட்டினார்கள். ஆனால் படம் எடுத்துக்கொள்ளும்போது எல்லோரும் அவரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள். பெட்டி மறைகிறதாம்.

மறுநாள் காலை, ஆட்கள் வருமுன், இராமகிருஷ்ணன் தனியாகப் பங்களாவுக்குப் போனார். பொறியை இயக்கினார். புகை வந்தது. யாராவது இருக்கிறார்களா என்று கதவுப்பக்கம் பார்த்துக்கொண்டார்.

"அப்பா, என் வேலையப் பத்தி என்ன நெனைக்கிறீங்க?"

"தோழரின் வேலைப் பிரச்சினை மேலிடத்தின் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டுள்ளது! பொறுமை காக்க வேண்டுகிறேன்!"

இராமகிருஷ்ணன் பொறியை நிறுத்திவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார். பதினெட்டு வயதில், கொழும்புக்குப் போய் ஓவியம் படிக்க வேண்டும் என்று கேட்டபோது கிடைத்ததும் இதே பதில்தான். பொறுமை காத்ததில் ஆசிரியர் நியமனம் வந்தது. சங்கத்தின் செல்வாக்கில், முதல் பட்டியலிலேயே. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டாவது வாரம் செய்தி மலைத் தோட்டங்களுக்கு ஏறியது. செத்துப்போன தலைவர் கண்டியில் இருக்கிறாராம், கேட்டதற்குப் பதில் சொல்கிறாராம். முதலில் ஒரு வான் வந்தது. பிறகு குட்ஷெட் பஸ் நிலையத்தில் இறங்கி, வாவியைச் சுற்றி நடந்து, கூட்டம் கூட்டமாக வந்தார்கள். கௌரிக்குத் தலைகால் புரியவில்லை. "இதுதான் சமூகப் பங்கேற்பு, ராம்கி! நாங்கள் ஒரு சதமும் செலவழிக்கேல்லை!"

வந்தவர்கள் காளானைப் பார்க்கவில்லை, இதயத்தைப் பார்க்கவில்லை. குளிர்சாதனப் பெட்டியை ஒரு ஆள் போகிற போக்கில் சாத்திவிட்டுப் போனார், கரண்ட் வீணாகிறதென்று. நேராகக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். ஒருவர் லயத்து வீட்டுக் கூரை பற்றிச் சொன்னார். ஒருத்தி மகளுக்கு வேலை கேட்டாள். ஒருவர் தன் தோட்டத்துக்குப் போகிற பாலம் இரண்டு வருஷமாக உடைந்து கிடக்கிறது என்றார். சின்னமுத்து எல்லாவற்றுக்கும் விரலை உயர்த்தி, எல்லாவற்றையும் தருவதாக வாக்களித்தார்.

இருளப்பன் என்ற கிழவர் மூன்று தடவை வரிசையில் நின்றார். காணித்துண்டு ஒன்றுக்காக.

"அண்ணே, அது மெசினு" என்றார் இராமகிருஷ்ணன், பொறுக்க முடியாமல். "எங்க அப்பா உயிரோட இருந்தப்பவே ஒங்களுக்குக் காணி வாங்கித் தரல. இது எப்படி வாங்கித் தரும்?"

"தெரியாதா தம்பி எனக்கு? அப்ப சொன்னதையேதான் இப்பவும் சொல்றாரு, ஒரு எழுத்து மாறல." இருளப்பன் சால்வையை உதறிப் போட்டுக்கொண்டார். "ஆனா உக்காந்து கேக்குறாரு பாருங்க. இப்ப இருக்கிற ராஜலிங்கம் போனையே எடுக்க மாட்டேங்கிறாரு."

இன்னொரு நாள் அங்கம்மா வந்தார். யாரிடமும் சொல்லாமல், தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு, பஸ்ஸில். இராமகிருஷ்ணனுக்குப் பயமாக இருந்தது. அம்மா அழுதுவிடுவார், அல்லது மயங்கி விழுந்துவிடுவார் என்று நினைத்தார். கௌரியும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். உடனே கமராக்காரரைக் கூப்பிட்டார்.

அங்கம்மா பெட்டிக்கு முன்னால் நின்று, சட்டையைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார்.

"நல்லா இருக்கீங்களா?"

"தாய்மார்களுக்கு என் சிரம் தாழ்ந்த வணக்கம்!"

"பேச்சி காய்ச்சல்ல கெடந்தப்ப எங்க போயிருந்தீங்க?"

பேச்சியம்மா என்பது இராமகிருஷ்ணனுக்கு முன் பிறந்த அக்கா. ஐந்து வயதில் செத்துப்போனாள் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். வீட்டில் அவள் பெயரை யாரும் எடுப்பதில்லை.

"அந்தச் சம்பவம் குறித்து முழுமையான விசாரணை கோரியிருக்கிறோம்!" என்றார் சின்னமுத்து. விரல் உயர்ந்தது. "குற்றவாளி எவராயினும் தப்ப முடியாது!"

அங்கம்மா தலையை ஆட்டினார். "அவரேதான்" என்றார் மகனிடம். "ஒன்னும் மாத்தல. அன்னைக்கும் இதத்தான் சொன்னாரு. அட்டன் மாநாட்டுல இருந்து மூணாம் நாள் வந்து, புள்ளைய பொதைச்ச பொறகு, வீட்டு முத்தத்துல நின்னு இதே மாதிரி சத்தமா. ஊரே கை தட்டுச்சு."

கௌரி விம்மினார். கமராக்காரர் இன்னும் கொஞ்சம் கிட்டே போனார். அங்கம்மா அவரைக் கையால் ஒதுக்கிவிட்டு, எங்கேயாவது பிளேன்டீ கிடைக்குமா என்று கேட்டார்.

அன்றைக்கு இராமகிருஷ்ணன் வீட்டுக்குப் போகாமல் நேரே ஹபீலாவிடம் போனார். அவருக்கு ஒரே ஒரு வேலைதான் ஆக வேண்டியிருந்தது. அப்பா ஒரு தடவை மன்னிப்புக் கேட்க வேண்டும். "எங்க போயிருந்தீங்க" என்று யார் கேட்டாலும் அந்த விசாரணைப் பதில் வரக்கூடாது.

ஹபீலா கணினியைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். "மன்னிப்புக் கேட்ட ஒரு வசனமும் இந்தக் கெசட்டுல இல்ல சேர். ஒன்னே ஒன்னு ஈக்கி. அதுவும் 'மன்னிக்க மாட்டோம்' எண்டு."

"நான் எழுதித் தாறேன். நீங்க அந்தக் குரல்ல போடுங்க."

"போடேலும். ஆனா சேர், அது ஒங்கட வாப்பா செல்லுறது இல்ல. நீங்க செல்லுறது."

"யாருக்குத் தெரியப்போவுது?"

அவர் எழுதியது மூன்றே சொல். மேடைத் தமிழில் எழுத முயன்றார், வரவில்லை. கடைசியில், வீட்டில் பேசியிருக்க வேண்டிய தமிழில் எழுதினார். ஹபீலா அதைச் சேர்த்தாள். ஞாயிற்றுக்கிழமை அம்மாவை வான் பிடித்துக் கூட்டிவந்தார். கமரா வேண்டாம் என்று கௌரியிடம் சொல்லிவிட்டார். கௌரி ஒளித்துவைத்துத்தான் எடுத்தார்.

"அன்னைக்குக் கேட்டதத் திரும்பக் கேளும்மா."

அங்கம்மா விருப்பமில்லாமல் கேட்டார். "எங்க போயிருந்தீங்க?"

விரல் உயரவில்லை. சின்னமுத்துவின் வாய் மெல்ல அசைந்தது. "வந்திருக்கணும். வரல. மன்னிச்சிரு."

இராமகிருஷ்ணன் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அங்கம்மா ஒரு அடி பின்னால் போயிருந்தார்.

"இது யாரு?"

"அப்பாதாம்மா."

"அவரு இல்ல." மகன் பக்கம் திரும்பினார். "செத்த மனுசன் வாயில பொய்ய வைக்கிறியா? நாப்பது வருசமா நான் காத்திருந்தேன், அவரு கேக்கல. கேக்காமத்தான் போனாரு. அது எனக்கும் அவருக்கும் உள்ளது. நீ யாருடா நடுவுல பூந்து எழுதிக் குடுக்குறதுக்கு?"

அங்கம்மா நேரே போய் வானுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டார். அந்த வசனத்தை எடுத்துவிட வேண்டும் என்று இராமகிருஷ்ணன் முடிவு செய்துகொண்டார்.

மறுநாள் ராஜலிங்கம் வந்தார். சின்னமுத்துவின் சீடர், இப்போது சங்கத்தின் தலைவர். பின்னால் வெள்ளைச் சட்டைக்காரர்கள் ஏழெட்டுப் பேர். பிரதேச சபைத் தேர்தல் கிட்டே வந்துகொண்டிருந்தது. தோட்டத்துச் சனம் கண்டிக்குப் பஸ் பிடித்துப் போய்ச் செத்தவரிடம் முறையிடுகிறது என்ற செய்தி ராஜலிங்கத்தின் தூக்கத்தைக் கெடுத்திருந்தது. கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி நடந்து பார்த்தவர், அதற்குள் ஒரு தீர்வையும் கண்டுபிடித்துவிட்டார்.

"மே தினக் கூட்டத்துக்குத் தலைவரக் கூட்டிட்டுப் போறோம். நாவலப்பிட்டி கிரவுண்டுல. தலைவர் முன்னாடி பேசுவாரு, நான் பின்னாடி பேசுவேன். ராமு, ஒனக்கும் மேடையில எடம் உண்டு. மாலை போடுறோம்."

கௌரி துள்ளிக் குதித்தார். கலை மண்டபத்தை விட்டு மக்களிடம் போகிறது! இராமகிருஷ்ணன் யோசித்தது வேறு. அந்தக் கிரவுண்டில், அந்த மேடையில், அவருக்கு மாலை. பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தபோது அந்த மேடைக்குக் கீழே நின்று அப்பாவின் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்.

லொறியில் பெட்டியை ஏற்றும்போது ஹபீலா கேட்டாள். "சேர், அந்த மன்னிப்பு வசனத்த எடுத்துடவா?"

"பிறகு பாப்போம்" என்றார் இராமகிருஷ்ணன். அவர் அப்போது எந்தச் சட்டை போடுவதென்ற யோசனையில் இருந்தார்.

மே தினத்தன்று கிரவுண்டு நிறைந்திருந்தது. கண்ணாடிப் பெட்டியை மேடையின் நடுவில் வைத்து, மேலே ஒரு ஆள் உயர மாலை போட்டிருந்தார்கள். புகைப் பொறிக்குப் பக்கத்தில் யாரோ சாம்பிராணியும் ஏற்றிவிட்டார்கள். மேடைக்குக் கீழே ஹபீலா கணினியோடு ஒரு குடைக்குள் உட்கார்ந்திருந்தாள். இராமகிருஷ்ணனுக்கு இரண்டாம் வரிசையில், தூணுக்குப் பின்னால் கதிரை. மாலை வரவில்லை, வருகிறது என்றார்கள்.

சின்னமுத்து பேசினார். நிர்வாகத்தின் சதியை முறியடித்தார். சம்பளத்தை உயர்த்தினார். கூட்டம் ஆர்ப்பரித்தது. பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். பக்கத்தில் நின்ற ராஜலிங்கம் ஒவ்வொரு கைதட்டலுக்கும் தானும் கொஞ்சம் குனிந்து வணங்கிக்கொண்டார்.

அப்போது முன்வரிசையில் இருந்து இருளப்பன் எழுந்தார். பாசத்தில்தான் எழுந்தார். சால்வையைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு கத்தினார்: "தலைவரே! எங்கள விட்டுட்டு இத்தன நாளா எங்க போயிருந்தீங்க?"

மேடையில் இருந்த ஒலிவாங்கி அதைப் பிடித்துக்கொண்டது. சின்னமுத்துவின் உயர்ந்திருந்த விரல் கீழே இறங்கியது.

"வந்திருக்கணும். வரல. மன்னிச்சிரு."

கிரவுண்டு முழுவதும் அது ஒலிபெருக்கியில் போனது. கூட்டம் அடங்கிவிட்டது. அந்தக் கிரவுண்டில் அதுவரை எத்தனையோ தலைவர்கள் பேசியிருக்கிறார்கள். ஒருவரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. இருளப்பன் அப்படியே நின்றார், சால்வை கையில் தொங்கியது. எங்கேயோ ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். அதைக் கேட்டு இன்னொருத்தி. இராமகிருஷ்ணன் தூணைப் பிடித்துக்கொண்டார். தான் எழுதிய மூன்று சொல்லுக்கு ஒரு மைதானமே அழுவதை அவர் பார்த்தார். அது யாருடைய சொல் என்று ஒரு உயிருக்கும் தெரியாது.

பிறகு பின்னாலிருந்து ஒரு இளம் குரல் வந்தது. "ராஜலிங்கம் ஐயா! நீங்க எங்க போயிருந்தீங்க?"

ராஜலிங்கம் ஒலிவாங்கிக்கு முன்னால் வந்தார். "அந்த விசயம்... மேலிடத்தின் கவனத்துக்கு..."

சிரிப்பு எழுந்தது. மலையில் மழை இறங்குவதுபோல ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் பரவியது. "அவரு மன்னிப்பு கேட்டாரு, நீங்களும் கேளுங்க!" என்று கத்தினார்கள். "எங்க போயிருந்தீங்க" என்று யார் கத்தினாலும் சின்னமுத்து மறுபடியும் மன்னிப்புக் கேட்டார். திரும்பத் திரும்பக் கேட்டார். வெள்ளைச் சட்டைக்காரர்கள் ஓடிப்போய் வயரைப் பிடுங்கினார்கள். சின்னமுத்து வாய் பாதி திறந்தபடி நின்றுபோனார்.

அடுத்த வாரம் சங்கத்தின் ஒழுக்காற்றுக் குழு கூடியது. அமரர் சின்னமுத்து சங்கத்தின் அனுமதி இல்லாமல், கொள்கைக்கு முரணாக, பொது மேடையில் மன்னிப்புக் கோரியதன் மூலம் நிர்வாகத்தின் கையைப் பலப்படுத்திவிட்டார் என்று கண்டது. அவரை அடிப்படை உறுப்புரிமையிலிருந்து நீக்கியது. விளக்கம் அளிக்க அவருக்குப் பதினான்கு நாள் அவகாசமும் கொடுத்தது. பத்திரிகையில் படத்தோடு வந்தது. அவகாசம் முடியும்வரை அவரிடமிருந்து பதில் வராததால் முடிவு உறுதி செய்யப்பட்டது.

கௌரிக்கோ அதிர்ஷ்டம் அடித்தது. ஐரோப்பாவில் ஒரு பெரிய அருங்காட்சியகம் 'தந்தை'யைக் கேட்டது. ஒரே ஒரு நிபந்தனை.

"அந்த மன்னிப்பை எடுத்துவிடச் சொல்லுகினம், ராம்கி. அது வேலையைக் கொஞ்சம் உணர்ச்சிவசமாக்குதாம். அதில நீங்கள் தெரியிறியள். கலைஞர் தெரியக்கூடாது, விளங்குதோ?"

இராமகிருஷ்ணன் ஒரு நாள் முழுக்க மறுத்தார். ஐரோப்பாவுக்குத் தன்னையும் அழைக்கிறார்கள் என்று தெரிந்ததும் சம்மதித்தார். ஹபீலா வசனத்தை நீக்கினாள். சின்னமுத்துவை மரப்பெட்டியில் வைக்கோலும் பஞ்சும் போட்டு அடைத்து விமானத்தில் ஏற்றினார்கள். சுங்கத்தில் ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இராமகிருஷ்ணனுக்கு விசா மறுக்கப்பட்டது. நாடு திரும்புவார் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லையாம்.

திறப்பு விழாவைக் கௌரி அங்கிருந்து போனில் காட்டினார். வெள்ளைச் சுவர், வெள்ளை வெளிச்சம், நடுவில் அப்பா. யாரோ மரணத்தைப் பற்றிக் கேட்டார்கள். அப்பா நிர்வாகத்தின் சதி என்றார். அவர்கள் தட்டிய கைகளின் சத்தம் கண்டியில் அவர் போனில் இரைச்சலாகக் கேட்டது. பலகையில் அவர் பெயர் இருக்கிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். கௌரியின் பெயர் தெரிந்தது. அதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது.

விடுமுறை வந்ததும் நாவலப்பிட்டிக்குப் போனார். அம்மா முகம் கொடுத்துப் பேசி மாதக்கணக்காகியிருந்தது. அப்பாவைச் சங்கத்திலிருந்து நீக்கிய கதையை, பத்திரிகையை வைத்துக்கொண்டு வாசித்துக் காட்டினார். பதினான்கு நாள் அவகாசம் என்ற இடத்தில் அங்கம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. இருமி இருமிச் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"ராஜலிங்கத்துக்கு இந்த வேலையெல்லாம் சொல்லிக் குடுத்ததே அவருதான்" என்றார்.

வெளியே கொழும்பு ரயில் கூவிக்கொண்டு போனது.

"அம்மா, அக்கா எப்படி இருப்பா?"

அங்கம்மா மெல்ல ஆரம்பித்தார். நல்ல கறுப்பு. முன்பல் விழுந்திருந்தது. அழமாட்டாள், கோபம் வந்தால் கொழுந்துக் கூடைக்குள் ஏறி உட்கார்ந்துகொள்வாள். எவ்வளவு கூப்பிட்டாலும் இறங்கமாட்டாள். கூடையோடு தூக்கிக்கொண்டு போய்ப் பிள்ளை மடுவத்தில் ஆயாவிடம் விட்டிருக்கிறேன். ஒருநாள் கங்காணி கொழுந்து என்று நினைத்துக் கூடையைத் தூக்கித் தராசில் மாட்டிவிட்டான்...

சொல்லிக்கொண்டே வந்த அங்கம்மா சட்டென்று நிறுத்தினார். மகனின் கண்களைப் பார்த்துவிட்டார். அவை எங்கேயோ தூரத்தில், ஒரு வெள்ளைச் சுவருக்கு முன்னால், தராசில் தொங்குகிற ஒரு கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"டேய்" என்றார் அங்கம்மா. "இவளையும் கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிறாத."

"இல்லம்மா, வைக்க மாட்டேன்" என்றார் இராமகிருஷ்ணன் அவசரமாக.

அங்கம்மா அதை நம்பியதாகத் தெரியவில்லை. மீதிக் கதையைச் சொல்லாமல் எழுந்து உள்ளே போய்விட்டார்.